சாப்பாட்டு கூடையில வந்த போன் – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

சாத்தூர் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சாத்தூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளியில வேலை பாக்குறேன். ஈராசிரியர் பள்ளி, ஒன்னு ரெண்டு மூணு என்கிட்ட, நாலும் அஞ்சும் ஹெச்.எம் கிட்ட. சின்ன பிள்ளைங்க ஸ்கூலுக்கு போன் கொண்டு வர்றத பத்தி ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க, எனக்கு நடந்தத அப்படியே சொல்றேன்.

2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும்னு, ஒன்னுல இருந்து மூணாப்பு வரைக்கும் பிள்ளைங்களுக்கு வாசிப்பும் கணக்கும் சரி பண்ற அரசு திட்டம் ஆரம்பிச்ச வருஷம். அப்ப மூணாப்புல இருந்த பிள்ளைங்க 2020ல ஒன்னாப்பு சேர்ந்தவங்க. பேருதான் ரெஜிஸ்டர்ல இருந்துச்சு, கொரோனாவால ஸ்கூல் வாசல மிதிச்சதே 2021 நவம்பர் 1ஆம் தேதி, அதுவும் ரெண்டாப்பு பிள்ளையா. பிள்ளைக்கு எவ்வளவு வருதுன்னு பாத்து அரும்பு (ஒன்னாப்பு அளவு), மொட்டு (ரெண்டாப்பு அளவு), மலர் (மூணாப்பு அளவு)னு மூணு நிலையா பிரிச்சு உக்கார வைக்கணும், மூணாப்புல பாதி பேரு அரும்புலதான் இருந்தாங்க. அதுல ஒருத்தன், ரொம்ப சூட்டிகையான பையன், வாய் ஓயாது, ஆனா எழுத்து கூட்டி வாசிக்க சொன்னா தலைய குனிஞ்சுக்குவான்.

ஒருநாள் அவன் சாப்பாட்டு கூடையில இருந்து போன் சத்தம். எடுத்து பாத்தா டிஸ்ப்ளே கீறல் விழுந்து, பின்னாடி ரப்பர் பேண்ட் போட்டு கட்டின போன். ஸ்கூலுக்கு எதுக்குடா போனுன்னு சத்தம் போட்டு வாங்கி பீரோவுல வச்சு பூட்டிட்டேன். மத்தியானம் பன்னெண்டரைக்கு பீரோவுக்குள்ள அடிக்குது, நிக்குது, திரும்ப அடிக்குது. தட்டுல சோறு அப்படியே இருக்கு, அவன் பீரோவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். கண்ணுல தண்ணி நிக்குது, வாய தொறந்து கேக்கல. என்னப்பான்னு பக்கத்துல போய் கேட்டப்புறம்தான் "டீச்சர், எங்கப்பா"ன்னான்.

அவங்கப்பா லாரி டிரைவர், லோடு ஏத்திட்டு வடக்க போனா வர இருபது நாளாகும். அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை, உள்ள போன் கொண்டு போக விடமாட்டாங்க. வீட்டுக்கு இருக்குறதே அந்த ஒரு போன், அதனால காலையில மகன்கிட்ட குடுத்துட்டு போயிடுது. அப்பா சாப்பிட வண்டிய நிறுத்துற நேரத்துல கூப்பிடுவாரு, அப்பதான் அப்பனும் மகனும் பேசிக்க முடியும். இது எதையும் விசாரிக்காம பூட்டி வச்சுட்டேனேன்னு அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

மறுநாள் அவங்கம்மாவ வரச்சொல்லி பேசி ஒரு ஏற்பாடு பண்ணோம். காலையில வந்ததும் போன் என் மேசைக்கு வந்துரணும், மத்தியானம் வேப்பமரத்தடியில நின்னு அஞ்சு நிமிஷம் அப்பாகிட்ட பேசலாம், மத்த நேரம் தொடக்கூடாது. பையன் ஒருநாள் கூட மீறல.

அப்பதான் ஒன்ன கவனிச்சேன். அவனுக்கு வாசிக்கவே வராது, ஆனா யூடியூப்ல வேணுங்கறத எடுத்துருவான். எப்படின்னா மைக்க அமுக்கி "லாரி வீடியோ"ன்னு சொல்லுவான், வந்துரும். நாம எழுத்து எழுத்துன்னு உயிர விடுறோம், அவனுக்கு எழுத்தே தேவைப்படாத மாதிரி போன் பண்ணி வச்சிருக்கு. எனக்கு பகீர்னு ஆயிருச்சு. ஆனா யோசிச்சு பாத்தா அதே மைக்க தமிழ் கீபோர்டுல அமுக்கினா சொல்றது எழுத்தா விழுமே, 2017லயே தமிழுக்கு வந்துருச்சே.

என் போன எடுத்து, அப்பாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்புவோமா தம்பின்னு கேட்டேன். எதாச்சும் ஒரு வார்த்தை சொல்லுன்னேன். "பள்ளி"ன்னு சொன்னான். "பல்லி"ன்னு விழுந்துச்சு. அவனுக்கு தெரியல, பக்கத்துல இருந்த மலர் பிள்ளை வாசிச்சு காட்டுது, டேய் பல்லிடான்னு. திரும்ப சொல்றான், திரும்ப பல்லி. நாக்க மேல மடிச்சு அண்ணத்துல தொட்டு சொல்லுன்னு சொல்லிக்குடுத்து நாலாவது தடவை "பள்ளி" விழுந்துச்சு பாருங்க, ஓடிப்போய் சிலேட்ட எடுத்துட்டு வந்து ரெண்டு எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதுறான், இதுல சுழி வேற இதுல வேற டீச்சர்னு அவனே சொல்றான். போன வருஷத்துல இருந்து நான் கரும்பலகையில எழுதி எழுதி காட்டின வித்தியாசம் அது.

அதுக்கப்புறம் தினமும் கடைசி பத்து நிமிஷம் இதுதான். புலி புளி, மலை மழை, கிளி கிழி, வரிசையில நின்னு ஒவ்வொருத்தரா சொல்லி, விழுந்தத வாசிச்சு, சிலேட்டுல எழுதணும். சின்னக்குரல் சில சமயம் மைக்குக்கு பிடிபடாது, பிள்ளை சரியா சொன்னாலும் தப்பா விழும், அப்ப நீ சொன்னது சரிதான், போனுக்குத்தான் கேக்கலன்னு நான் உடனே சொல்லிருவேன். டீச்சர் பக்கத்துல இல்லாம இத செய்ய முடியாதுன்னு நான் சொல்றது அதனாலதான். பொங்கல் லீவு முடிஞ்சு வந்தப்ப அவன் மைக் தொடாம விரலாலயே தட்டி "அப்பா எப்ப வருவ" ன்னு அனுப்பினான், 'ப்' விட்டுப்போய் "அபா"ன்னு இருந்துச்சு. நான் திருத்தல. அப்படியே போகட்டும்னு விட்டேன்.

இதுக்காக எல்லா பிள்ளையும் போன் கொண்டு வரட்டும்னு நான் சொல்ல மாட்டேன். அதே வருஷம் அஞ்சாப்பு பொண்ணு ஒன்னு வீட்டுக்கு தெரியாம போன் எடுத்துட்டு வந்து, இன்னொரு பொண்ணு கிழிஞ்ச பாவாடையோட இருக்கறத வீடியோ எடுத்து காட்டிருச்சு, அந்த பிள்ளை ஒரு வாரம் ஸ்கூலுக்கே வரல, நானும் ஹெச்.எம்மும் வீட்டுக்கு போய் கூட்டிட்டு வந்தோம். அஞ்சாப்பு வரைக்கும் பிள்ளைங்க பையில போன் வேண்டாம். வகுப்புக்கு ஒன்னு, டீச்சர் மேசையில, எல்லாருக்கும் பொதுவா, அது போதும்.

பெருந்துறை அம்மா:

டீச்சர், படிச்சுட்டு அழுகையே வந்துருச்சுங்க. எம்பையன் பிரைவேட் ஸ்கூல்ல நாலாவதுங்க. எங்க பிரச்சனை போன் ஸ்கூலுக்கு போறது இல்லைங்க, ஸ்கூலு போனுக்குள்ள வந்துட்டதுங்க. கொரோனா அப்ப ஆரம்பிச்ச வாட்ஸ்அப் குரூப், இன்னும் ஹோம்வொர்க் அதுலதான் வருது, ராத்திரி ஒன்பது மணிக்கு கூட வரும். ஹோம்வொர்க் பாக்கோணும்னு போன கேப்பான், குடுக்கமாட்டேன்னு எப்படிங்க சொல்றது, குடுத்தா பத்து நிமிஷத்துல கேம்ல இருப்பான். ஒருநாள் மிஸ்ஸுகிட்ட போய், எம்பையன் மட்டும் டைரில அவன் கையாலயே எழுதிட்டு வரட்டுங்க, தப்பா எழுதினாலும் நான் பாத்துக்கறேன்னு கேட்டேன். அவங்க நல்லவங்க, எல்லா பசங்களையும் எழுத வெச்சுட்டாங்க. மொத வாரம் அவன் எழுதினது அவனுக்கே புரியல, பக்கத்து வீட்டு பிள்ளைய கேட்டு கேட்டு செஞ்சான். இப்ப மூணு மாசமாச்சு, கணக்கு பக்கம் நம்பர் எல்லாம் கரெக்டா எழுதிட்டு வர்றானுங்க.

சாத்தூர் டீச்சர்:

நல்ல காரியம் பண்ணீங்க சிஸ்டர். நானும் குரூப்ல ஹோம்வொர்க் போட்டுக்கிட்டுதான் இருந்தேன். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு அம்மா ஏழு மணிக்கு வந்து போன தொறந்தா உண்டு, டேட்டா தீந்திருந்தா அதுவும் இல்ல, மறுநாள் பிள்ளை செய்யாம வந்து நிக்கும். இப்ப கரும்பலகை ஓரத்துல எழுதி போட்டு, பிள்ளைங்க நோட்டுல எழுதினத நான் ஒரு தடவை பாத்துட்டுத்தான் மணி அடிக்க விடுறேன். கூடுதலா பத்து நிமிஷம் ஆகுது. வேற டீச்சர்ஸ் யாராச்சும் இருந்தா ஒன்னாப்பு பிள்ளைங்களுக்கு இத எப்படி பண்றீங்கன்னு சொல்லுங்க, அவங்க எழுதி முடிக்கறதுக்குள்ள வேன் வந்துருது.