1930ஐ ஒட்டி அக்கியாபுக்குப் போன வல்வைத் தண்டையல்: எங்கே தேடுவது?

வல்வைப்பேத்தி (ஸ்கார்பரோ)

வணக்கம். என் அம்மம்மாவின் தகப்பனாரைத் தேடுகிறேன். பொதுவெளி என்பதால் பெயர் போடவில்லை.

அவர் வல்வெட்டித்துறைத் தண்டையல், அதாவது பாய்க்கப்பலின் தலைவர். கப்பல் முதலாளியுடையது, ஆனால் அதில் இவருக்கும் ஒரு பங்கு இருந்ததாக வீட்டில் சொல்வார்கள். கடைசியாகப் போனது அம்மம்மாவுக்கு ஏடு தொடக்கிய வருடம். அம்மம்மா பிறந்தது 1926. அப்படியென்றால் 1930 அல்லது 1931 ஆக இருக்க வேண்டும். சோழகத்தோடு (தென்மேற்குக் காற்று) பர்மாவின் அக்கியாபுக்கு அரிசி ஏற்றப் போனவர், வாடை (வடகிழக்குக் காற்று) பிறந்தும் வரவில்லை. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் கதை. பெரிய மாமா வீட்டில் கேட்டால் கப்பல் புயலில் தாண்டு (மூழ்கிப்) போனது. சின்னம்மா வீட்டில் கேட்டால் மோல்மீனில் ஒரு பர்மாக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். இங்கே கனடாவில் இருக்கிற மச்சான்மாருக்கு இதெல்லாம் காணாது, அவர் அன்னபூரணிக் கப்பலில் அமெரிக்கா போனவராம்! அம்மம்மா சாகும்வரை ஒரு கதையையும் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்கட அம்மா எப்ப பொட்டை அழிச்சவ?" என்று கேட்டால் மட்டும், "நான் பெரிய பள்ளிக்கூடம் போகேக்கை" என்பார்.

படம் ஒன்றுகூட இல்லை. கையில் இருப்பது 1939இல் அம்மம்மாவின் அக்காவுக்கு எழுதிய சீதன உறுதியின் முதல் பக்கம் மட்டும், அதுவும் வாட்சப்பில் வந்தது. அதில் பூட்டியின் (அம்மம்மாவின் தாய்) பெயரோடு 'விதவை' என்று இருக்கிறது. கப்பல் சிப்பந்திகளின் பட்டியல்கள் இணையத்தில் நிறைய இருக்கிறதாமே? எதில் தொடங்கலாம்?

நீராவி (லண்டன்)

பட்டியல்கள் இருக்கத்தான் செய்கின்றன. பிரித்தானியக் கப்பல்களின் 1863 முதல் 1938 வரையான சிப்பந்தி ஒப்பந்தங்களில் கிட்டத்தட்ட 70 சதவீதம் கனடாவிலேயே, நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1915ஆம் ஆண்டுப் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே பெயர் போட்டுத் தேடலாம். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் நீராவிக் கப்பல்காரரின் உலகம். வங்கக்கடலில் அரிசி ஏற்றிய பாய்க்கப்பலின் ஆட்களை அதில் தேடி நாளை வீணாக்க வேண்டாம். கப்பலின் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள். பிரித்தானியச் சட்டப்படி பதிவான கப்பல் என்றால் மெர்கன்டைல் நேவி லிஸ்ட் என்ற கப்பல் பட்டியலில் பதிவு இலக்கத்தோடும் உரிமையாளர் பெயரோடும் இருக்கும்.

அன்னபூரணி கதையை முதலில் மூட்டை கட்டலாம். வல்வையில் 1930இல் கட்டிய கப்பல் அது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயரை மாற்றி, சூயஸ் வழியாகக் கொண்டுபோனார். மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் போய்ச் சேர்ந்தது 1938 ஆகஸ்டில். உங்கள் பூட்டனார் காணாமல் போய் அப்போது ஏழெட்டு வருடம். சந்தேகம் தீர வேண்டுமென்றால் குளோஸ்டருக்கு வந்த கப்பல்களின் சிப்பந்திப் பட்டியல், 1918 முதல் 1943 வரை, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தனித் தொகுதியாகவே இருக்கிறது. வல்வையாட்களில் பாதிப்பேருக்கு அந்தக் கப்பலில் ஒரு தாத்தா இருக்கிறார். அத்தனை பேரும் ஏறியிருந்தால் அது கொழும்புத் துறைமுகத்தையே தாண்டியிருக்காது.

பழைய உறுதி (யாழ்ப்பாணம்)

பிள்ளை, கடலை விட்டுவிட்டுக் கோட்டுக்கு (நீதிமன்றத்துக்கு) வாருங்கோ.

நான் உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுத்தராக இருந்தவன். நீங்கள் அரை வரியில் சொல்லிவிட்டுப் போன 'விதவை'தான் இதில் பெரிய தடயம். புருஷன் வரவில்லை என்பதற்காக நொத்தாரிசு ஒரு பெண்ணை விதவை என்று எழுதிவிட மாட்டார். 'இன்னார் பெண்சாதி' என்றுதான் எழுதுவார். விதவை என்று எழுத ஏதாவது ஒரு கடதாசி அவர் முன்னால் இருந்திருக்க வேண்டும்.

இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இல் வந்தது. அதன் 108ஆம் பிரிவுப்படி, ஒருவரைப் பற்றி ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால், உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கடலில் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த வழி இதுதான். 1930, 31இல் போனவருக்கு ஏழு வருடம் கூட்டுங்கோ: 1937, 38. உங்கள் அம்மம்மா 'பெரிய பள்ளிக்கூடம்' போன வயது என்ன? பதினொன்று, பன்னிரண்டு. கணக்கு ஒத்துவருகிறதா? பூட்டி பொட்டை அழித்தது கப்பல் வராத வருடத்தில் இல்லை, கோட்டுக்குப் போன வருடத்தில். அடுத்த வருடமே மூத்த மகளுக்குச் சீதனம் எழுதுகிறார்.

ஏன் கோட்டுக்குப் போகவேண்டி வந்தது? யாழ்ப்பாணத் தமிழரின் சட்டமான தேசவழமைப்படி கப்பல் பங்கு, கலியாணத்துக்குப் பிறகு வாங்கிய காணி எல்லாம் தேடியதேட்டம். அதில் பாதி மனைவிக்கு, மற்றப் பாதி புருஷனுடைய உரித்தாளிகளுக்கு (வாரிசுகளுக்கு). புருஷன் இறந்தார் என்று முடிவாகாமல் அந்தக் காணியை மகளுக்கு ஒழுங்காக எழுதிக்கொடுக்க முடியாது. குமர் (கலியாணமாகாத மகள்) வீட்டில் இருக்கும்போது தாய் எவ்வளவு காலம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? அதனால் மாவட்ட நீதிமன்றத்தில் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரமான நிர்வாகப் பத்திரம் கேட்டு மனுப் போடுவார்கள். டெஸ்டமெண்டரி வழக்கு என்பது அதுதான். அந்த மனுவுக்குக் கோடு கொடுக்கும் 'ஆர்டர் நைசை' (யாரும் எதிர்க்காவிட்டால் உறுதியாகும் கட்டளை) இலங்கை அரசாங்க கெசற்றில் அச்சிட வேண்டும். இறந்தவர் பெயர், ஊர், மனுதாரர், எதிர்மனுதாரர் என்று பிள்ளைகள் ஒவ்வொருவரும், வயது வராத பிள்ளைக்குப் பாதுகாவலர் யார் என்பது உட்பட எல்லாம் அதில் வரும். ஒரு குடும்ப மரமே அரைப் பத்தியில் கிடைக்கும்.

ஆகவே எல்லாரும் தேடுகிற 1930ஐ விட்டுவிட்டு 1937 முதல் 1939 வரையான கெசற்றுகளைப் பாருங்கோ. கொழும்பு 7இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். லண்டனில் யாராவது இருந்தால் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 58 என்ற வரிசை முழுக்க இலங்கைக் கெசற்றுகள்தான். கணினியில் பெயர் தட்டித் தேடுவதை நான் நம்புவதில்லை. வல்வெட்டித்துறையை ஆங்கிலத்தில் ஒருவர் 'வல்' என்று தொடங்குவார், மற்றவர் 'வெல்' என்பார், 'டி' எத்தனை என்பது அச்சுக்கோப்பவர் இஷ்டம். யாழ்ப்பாண நீதிமன்ற அறிவித்தல்களைக் கண்ணால் ஓட்டுவதே மேல்.

இன்னொன்று. உறுதியின் முதல் பக்கத்தில் ஆட்களின் பெயர்தான் இருக்கும். சொத்து எப்படி வந்தது என்பது பின்னால், அட்டவணையில் எல்லைகளுக்குப் பிறகு வரும். அந்தப் பக்கம் எங்கே?

வல்வைப்பேத்தி

ஐயா, மூலம் ஊரில் மாமி வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. மச்சாள் நேற்று இரவு மிச்சப் பக்கங்களையும் படம் பிடித்து அனுப்பினாள். இரண்டு பரப்புச் சொச்சம் காணி. கிழக்கெல்லை ஒழுங்கை, வடக்கெல்லை பூட்டியின் தமையனுடைய வளவு. அதற்குக் கீழே நீங்கள் சொன்னதேதான்: "யாழ்ப்பாணம் டிஸ்திரிக் கோட்டு டெஸ்டமெண்டரி" என்று எழுதி ஒரு இலக்கம். கடைசி எண் மடிப்பில் விழுந்து மை பரவியிருக்கிறது, 3 மாதிரியும் இருக்கிறது, 8 மாதிரியும் இருக்கிறது.

ஒரு சந்தேகம். கோடு 'இறந்தார்' என்று சொன்னதால் மோல்மீன் கதை பொய்யாகிவிடுமா?

பழைய உறுதி

இல்லை. ஏழு வருடம் தகவல் இல்லை என்பதைத்தான் கோடு ஏற்றுக்கொண்டது, உடலைப் பார்க்கவில்லை. ஆனால் மனுவோடு சத்தியக் கடதாசி ஒன்று இருக்கும். எந்தக் கப்பல், எந்தத் துறை, கடைசியாகக் கடிதம் வந்ததா, கூடப் போன ஆட்களில் யாராவது திரும்பினார்களா என்று அதில் பூட்டி சொல்லியிருப்பார். கெசற்றில் அது வராது. வழக்குக் கோவையைத்தான் எடுக்க வேண்டும். 3க்கும் 8க்கும் இரண்டு கோவையும் கேளுங்கோ, ஒன்று உங்களுடையதாக இருக்கும்.

ஆதிகோயிலடி (வல்வெட்டித்துறை)

பழைய உறுதி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சத்தியக் கடதாசியில் கப்பலின் பெயர் கிடைத்ததும் பத்திரிகைக்குப் போங்கள். 'இந்து சாதனம்', 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி' இரண்டிலும் பழைய இதழ்கள் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இருக்கின்றன. வருடம் முழுக்கப் புரட்ட வேண்டாம். சோழகத்தோடு போன கப்பல் வாடைக்காற்றில்தான் திரும்பும். வங்கக்கடலில் புயல் அடிக்கிற காலமும் அதுதான். ஐப்பசி தொடங்கித் தை வரை பாருங்கள். பர்மாப் பக்கம் தேடுவதென்றால் 1937 ஏப்ரல் 1 வரை அது பிரித்தானிய இந்தியாவின் மாகாணம். ஆகையால் 1930ஆம் ஆண்டுக் கடிதங்களை இந்திய ஆவணங்களோடுதான் தேட வேண்டும்.

கெசற் பக்கம் கிடைத்தால் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், தங்கச்சி. அம்மம்மாவுக்குப் பாதுகாவலராகப் போட்டிருப்பது வடக்கெல்லை வளவுக்காரராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அவருடைய பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்களா என்று நான் விசாரிக்கிறேன்.