முப்பதைத் தாண்டிப் படும் பாட்டைப் பொதுவில் எழுதலாமா?

தூக்கமில்லாதவன்:
வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பதுகளின் நடுவில் இருக்கிறேன். இருந்த வேலை போய், அப்புறம் கிடைத்த வேலையில் சம்பளம் பழையதில் பாதிதான், வீட்டுக் கடன் தவணை மட்டும் அப்படியே நிற்கிறது. அப்பாவுக்கு மறதி நோய், என்னோடுதான் இருக்கிறார். இதையெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை. நண்பர்களைப் பார்த்தால் "எப்படி இருக்கே", "நல்லா இருக்கேன்", அதோடு சரி. கொஞ்ச நாளாக எல்லோரும் தூங்கிய பிறகு எழுதி வைக்கிறேன். அதைப் பொதுவில் போடலாமா என்று ஒரு யோசனை. முன்பின் தெரியாத ஒருவர் தன் கடன் கதையை மறைக்காமல் எழுதியிருந்ததைப் படித்தபோது, நான் ஒருவன்தான் இப்படி முழிக்கிறேன் என்ற நினைப்பு விட்டது, அதனால்தான். சொந்தக்காரர்கள் கண்ணில் பட்டால் என்ன செய்வது, நாளைக்கு வேலை கொடுக்கிறவர் தேடிப் பார்த்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது. இது வெறும் புலம்பல்தானே என்ற கூச்சம் வேறு. ஒரு துண்டு கீழே:

"ராத்திரி ஒன்றரை மணிக்கு அப்பா எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு பொத்தான் போட ஆரம்பித்தார். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதாம். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. நான் ஒவ்வொன்றாகக் கழற்ற, அவர் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். போனை எடுத்தால், நாளைக்குத் தவணை என்று குறுஞ்செய்தி. அண்ணன் கை நிறையச் சம்பாதிக்கிறான், ஒரு பைசா அனுப்புவதில்லை, கேட்டால் அண்ணிக்குப் பிடிக்காது என்கிறான். வாழ்க்கை என்பது எல்லோருக்குமே ஒரு போராட்டம்தான்."

பழையநோட்டு:
எழுதுங்கள். பொத்தான் போடுவதும் கழற்றுவதும் வருகிற இடம் ஒன்று போதும், அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசி வரியை மட்டும் தூக்கிவிடுங்கள், அது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி, படிக்கிறவருக்கு நீங்கள் கைகழுவிவிட்ட மாதிரித் தெரியும்.

அண்ணன் விஷயம் வேறு. அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது அவருடைய சம்பளம், அவருடைய மனைவி, அவர் வீட்டுக்குள் நடந்த பேச்சு. அவர் பக்கம் என்ன இருக்கிறது என்று உங்கள் பதிவில் வர வழியே இல்லை. கோபம் உங்களுடையது, அதை எழுத முழு உரிமை உண்டு. "அண்ணனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை, திரும்பக் கூப்பிட எனக்கும் மனசு வரவில்லை" என்று எழுதிப் பாருங்கள். இன்னும் கூர்மையாக இருக்கும், அவர் சம்பளமும் வெளியே வராது.

அரைகுறை_அட்மின்:
பெயரை மாற்றி எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். லதான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் 2000இல் கணக்கிட்டுக் காட்டினார்: அமெரிக்கர்களில் ஏறத்தாழ 87 சதவீதம் பேரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் என்ற மூன்றே விவரங்களை வைத்துத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று. மூன்றில் ஒன்றுகூடப் பெயர் இல்லை. உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது, வேலை போனது, பாதிச் சம்பளம், மறதி நோயுள்ள அப்பா, பணம் அனுப்பாத அண்ணன். அந்நியருக்கு இதில் ஒன்றும் பிடிபடாது. உங்கள் அத்தை மகனுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அதனால் கதைக்குத் தேவைப்படாத விவரத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் விடுங்கள். ஆபீஸ் என்ன ஆபீஸ், எந்தத் துறை, எந்த மாதம் வேலை போனது, இதெல்லாம் யாருக்கும் வேண்டாம்.

அழித்துவிட்டால் போயிற்று என்பதையும் நம்ப வேண்டாம். ரெட்டிட்டில் கணக்கை நீக்கினால் உங்கள் பெயர்தான் மறையும், பதிவுகள் அப்படியே கிடக்கும், அவற்றை முன்பே தனித்தனியாக நீக்கியிருக்க வேண்டும். யாராவது திரைப்பிடிப்பு எடுத்திருந்தால் அதற்கு மருந்தே இல்லை. போனில் எடுத்த படத்தைப் போடுவதானால் அதற்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில தளங்கள் அதைத் தாமாகவே நீக்கிவிடும், எல்லாத் தளமும் செய்யாது.

வெயில்_காய்பவள்:
எல்லோரும் எப்படிப் போடுவது என்றே பேசுகிறீர்கள். போட வேண்டுமா என்பதுதானே கேள்வி?

ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். தங்களுக்கு நடந்த கொடுமையையும் அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த கையோடு மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிட அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைவு. இதற்குப் பிறகு வந்த 146 ஆய்வுகளைச் சேர்த்து 2006இல் ஒருவர் அலசியபோதும் பலன் இருக்கிறது என்றுதான் வந்தது, பெரிய பலன் இல்லை, சின்னதுதான். நான் சொல்ல வருவது வேறு. அந்த மாணவர்கள் ஊருக்குப் படிக்கக் கொடுக்கவில்லை. லைக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டும் உட்காரவில்லை. எழுதுவதில் கிடைக்கிற நிம்மதியை வெளியிடுவதில் கிடைப்பதாக நாம் குழப்பிக்கொள்கிறோம். உங்களுக்குக் கிடைக்க வேண்டியதில் பாதி அந்த ராத்திரி நோட்டிலேயே கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

சும்மா_ஒருவன்:
மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எழுதுகிறவருக்கு என்ன லாபம் என்று மட்டும் பார்த்தால் அது சரி. படிக்கிறவர்? இவருக்கே அந்தக் கடன் கதையைப் படித்துத்தானே தெம்பு வந்தது. அந்த மனிதரும் நோட்டோடு நிறுத்தியிருந்தால்?

ஆனால் ஒரு எச்சரிக்கை. வேதனையை எழுதினால் கை தட்டு கிடைக்கும், உடனே கிடைக்கும். அடுத்த பதிவுக்கு அதைவிடப் பெரிய வேதனை வேண்டியிருக்கும், நன்றாகப் போன ஒரு வாரத்தை எழுத விரல் வராது. அப்புறம் ஒரே பிரச்சினையை ஒருவரோடு ஒருவர் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டே இருப்பது. அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002இல் பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தபோது இதைத்தான் பார்த்தார்: அப்படிப் பேசுகிறவர்களுக்கு நெருக்கம் கூடுகிறது, கவலையும் மனச்சோர்வும்கூட அதிகமாக இருக்கின்றன. பெரியவர்களான நாம் மட்டும் விதிவிலக்கா என்ன! அதனால் "இப்படி ஆகிவிட்டதே" என்பதோடு "இந்த மாதம் கடன்காரரிடம் இப்படிப் பேசினேன், தவணையைத் தள்ளி வைக்க ஒத்துக்கொண்டார்" என்பதையும் எழுதுங்கள். என் வேலை போன காலத்தில் நான் தேடித் தேடிப் படித்தது இந்த மாதிரிப் பதிவுகளைத்தான். ஆறுதல் வார்த்தையை யாரும் சொல்லிவிடுவார்கள்.

தூக்கமில்லாதவன்:
எல்லோருக்கும் நன்றி. பழையநோட்டு, நீங்கள் சொன்ன மாதிரி எழுதிப் பார்த்தேன், அண்ணன் மேல் இருந்த சூடே கொஞ்சம் இறங்கியது, இதை எதிர்பார்க்கவில்லை. கடன் பகுதியை மனைவியிடம் காட்டாமல் போடப் போவதில்லை, கையெழுத்து அவளுடையதும் இருக்கிறது. ஆனால் அப்பா? அவரிடம் கேட்டால் இன்றைக்குச் சரி என்பார், நாளைக்குக் கேட்டதே ஞாபகம் இருக்காது. இதை எப்படிக் கேட்பது?

வெயில்_காய்பவள்:
கேட்க முடியாது என்பதுதான் நேர்மையான பதில். அம்மாவைக் கடைசி வருஷங்களில் நான்தான் பார்த்துக்கொண்டேன். தெளிவாக இருந்த காலத்து அம்மா இதைப் படித்தால் என்ன சொல்வாள் என்று மட்டும் பார்ப்பேன். பெயர் மறந்ததைச் சொன்னால் சிரித்திருப்பாள். குளியலறையில் நடந்ததைச் சொன்னால் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள். அதனால் முதலாவதை எழுதினேன், இரண்டாவதை எழுதவில்லை. அவள் போன பிறகும்தான்.

பழையநோட்டு:
இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். குளியலறைப் பகுதியை யாருமே எழுதாததால்தான் அங்கே தனியாக நின்று தவிக்கிறவருக்கு இது தனக்கு மட்டும் நடக்கிறது என்று தோன்றுகிறது. யாருடைய அம்மா என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி எழுத முடிந்தால் எழுதலாம் என்பேன்.

வெயில்_காய்பவள்:
கண்டுபிடிக்கிறவர்களைப் பற்றி நான் பேசவே இல்லை. எனக்குத் தெரியுமே.

அரைகுறை_அட்மின்:
இந்தச் சண்டையை நீங்கள் இருவரும் நடத்துங்கள். கேட்டவருக்கு ஒன்று: முதல் பதிவைப் போடும்போது பின்னூட்டத்தை மூடி வைக்க வசதி இருந்தால் மூடிவிடுங்கள், இரண்டு நாள் கழித்துத் திறக்கலாம். ராத்திரி ஒன்றரை மணிக்கு அப்பாவைப் பார்த்துக்கொண்டே எவனோ ஒருவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.