அத்தை வர்றதுக்குள்ள பரண் காலியாகணும்

குழு: நம்ம வீடு

நான்: எல்லாரும் கொஞ்சம் கவனிங்க. அத்தைக்கு வியாழக்கிழமை டிஸ்சார்ஜ். அவங்க வீட்ல லிஃப்ட் இல்ல, இந்த முழங்காலோட படி ஏற முடியாது. அதனால நேரா அம்மா வீட்டுக்குத்தான் வர்றாங்க. வீசிங் வேற இருக்கு, தூசி ஆகாது. அதுக்குள்ள வீட்டைச் சுத்தம் பண்ணியாகணும்.

அக்கா: எந்த ரூம்

நான்: பின் ரூம்

அக்கா: அதுல மனுஷன் நுழைய முடியாதே 😄

அம்மா: என் வீடு சுத்தமாத்தான் இருக்கு

தம்பி: பரணைப் பாத்துச் சொல்லும்மா

அம்மா: பரணை யாரும் தொடக்கூடாது

அப்பா: 👍

அக்கா: எதுக்குப்பா தம்ஸ் அப்?

அப்பா: பொதுவா

சித்தப்பா: அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. பரணை விட்டுட்டுக் கீழ மட்டும் துடைச்சா பிரயோஜனமே இல்ல. மேல இருக்கற தூசி நாளைக்குக் கீழதான் வரும். அதனால முதல்ல பரண், அப்புறம் ஃபேன், ஏசி, அலமாரி, ஜன்னல், கடைசியாத்தான் தரை. ஃபேன் றெக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி அப்படியே உருவுங்க, அழுக்கு உறைக்குள்ளயே விழுந்துடும். துடைப்பம் வேணாம். கூட்டினா தூசி கிளம்பி ஒரு சுத்து சுத்திட்டுப் பழைய இடத்துலயே உக்காரும். ஈரத்துணிதான். ஏசி ஃபில்டரைக் கழுவினா நல்லா காயவெச்சு மாட்டுங்க, ஈரத்தோட மாட்டினா பூஞ்சை பிடிக்கும். இதெல்லாம் அக்கா வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். பினாயிலும் அந்துருண்டையும் அந்த ரூம் பக்கமே வேணாம், அந்த நெடியே சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

சித்தி: இவர் இங்க ஒரு நாள் ஃபேன் துடைச்சதில்ல

தம்பி: 🤣🤣

சித்தப்பா: நான் முறையைச் சொல்றேன்

நான்: சரி, பரண் ஏற ஏணி எங்க?

அம்மா: உங்க சித்தப்பாவைக் கேளு

சித்தப்பா: அது அண்ணன் எனக்குக் கொடுத்தது

அப்பா: இரவல்

சித்தி: அதுல இப்ப துணி காயுது

அம்மா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: அம்மா!! அத்தை இந்த குரூப்லதான் இருக்காங்க

அம்மா: தெரியும். அதான் எடுத்தேன்

அத்தை: படிச்சிட்டேன். ஆஸ்பத்திரில வேற என்ன வேலை

அத்தை: எனக்காக யாரும் சிரமப்பட வேணாம். ஹால்ல ஒரு ஓரமா படுத்துக்கறேன்

அம்மா: ஐயோ அண்ணி, அப்படியெல்லாம் இல்ல. பின் ரூம்தான். மெத்தையை உதறிப் போட்டுடறேன்

சித்தப்பா: உதறாதீங்க அண்ணி! மெத்தைல கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இருக்கும். நம்ம உடம்புலருந்து உதிர்ற தோல்தான் அதுக்குத் தீனி. அதோட எச்சம்தான் அலர்ஜியைத் தூண்டறது. விரிப்பு, தலையணை உறை எல்லாம் 60 டிகிரி வெந்நீர்ல துவைச்சாத்தான் சாகும். மெஷின்ல அந்த செட்டிங் இருக்கும், பாருங்க. மெத்தைக்கு வேக்யூம் போடுங்க, ஹெப்பா ஃபில்டர் உள்ளதா இருந்தா நல்லது. அது 0.3 மைக்ரான் துகள்லயே 99.97 சதவீதம் பிடிச்சுடும்.

அக்கா: இனி நான் அந்த மெத்தைல படுக்கவே மாட்டேன்

தம்பி: பாத்ரூம் என் பொறுப்பு. ஆசிட் கொஞ்சம், பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் சேர்த்து ஊத்தி விட்டா பளிச்சுனு ஆயிடும்

சித்தப்பா: டேய்

சித்தப்பா: டேய் நில்லு

சித்தப்பா: ரெண்டையும் சேர்த்தா குளோரின் வாயு வரும்டா. கதவைச் சாத்திட்டு நின்னா நுரையீரல் போயிடும். ஒண்ணை ஊத்தினா நல்லா தண்ணி விட்டு அலசிட்டு, இன்னொண்ணு வேற நாள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடயும் பிளீச்சிங்கைச் சேர்க்கக் கூடாது, அது வேற விஷம். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியிருக்கேன், என் அண்ணன் பையனே இப்படி!

தம்பி: பாத்ரூமை அக்கா பாத்துப்பா

அக்கா: நான் எப்ப சொன்னேன்? சித்தப்பா, வினிகரும் ஆப்பசோடாவும் கலந்தா நல்லா போகும்னு ரீல்ஸ்ல காட்றாங்களே

சித்தப்பா: நல்லா நுரைக்கும். ஒண்ணு அமிலம், ஒண்ணு காரம். சேர்ந்தா ரெண்டோட வீரியமும் போச்சு. தனித்தனியா போடு. வினிகரை மார்பிள்ல மட்டும் விட்டுடாத, அரிச்சிடும்.

அத்தை: அந்தப் பரண்லதான என் தையல் மெஷின் இருக்கு?

அம்மா: உங்க மெஷினா? கல்யாணத்தப்ப எனக்குக் கொடுத்ததுதான அண்ணி

அத்தை: தைக்கக் கொடுத்தேன்

தம்பி: ஏணி கேஸ் மாதிரியே போகுது

அத்தை: தம்பி, நீயே சொல்லு. கொடுத்தேனா, வெச்சுக்கோன்னேனா?

தம்பி: அத்தை, என்னையா கேக்கறீங்க?

அத்தை: உன்னை இல்லடா, உங்கப்பனை

அப்பா: இங்க நெட் சரியா வரல

அக்கா: நெட் வராமதான் இவ்ளோ வேகமா டைப் பண்றீங்களா

நான்: மெஷினை அப்புறம் பாக்கலாம். அங்க பழைய செல்போன்கள் ஒரு டப்பா இருக்குல்ல, அதுல ஒண்ணோட பேட்டரி உப்பியிருந்துச்சு. அதை யாரும் அழுத்திப் பாக்காதீங்க, குப்பைத் தொட்டியிலயும் போடாதீங்க, தீப்பிடிக்கும். தனியா வைங்க, மின்கழிவு வாங்கற இடத்துல கொடுத்துடலாம்.

அம்மா: அதுல உங்க தாத்தாவோட குரல் இருக்கு

தம்பி: எந்த போன்ல?

அம்மா: சாம்பல் கலர்

அக்கா: உப்பினது அதுதான்மா

நான்: போனை ஆன் பண்ணாதீங்க. கடைல காட்டி எடுக்க முடியுமான்னு கேக்கறேன். ஞாயிறு காலைல யார் யார் வர்றீங்க? பேர் போடுங்க

அக்கா: பாக்கறேன்

தம்பி: மேட்ச் இருக்கு, முடிஞ்சதும்

சித்தி: ஏணி வரும். கூட இவரையும் அனுப்பறேன், பேசாம வேலை செய்ய வைங்க

சித்தப்பா: மாஸ்க் யார் வாங்கறா?

அப்பா: 👍

அம்மா: பரணுக்கு நான் இன்னும் சரின்னு சொல்லல

அத்தை: மெஷினை இறக்கினா எண்ணெய் போட்டு வைங்க. கால் சரியாகற வரைக்கும் கையாவது சும்மா இருக்க வேணாம்