இணையத்தில் வியாபாரமே கூடாது என்று விதி இருந்ததா?

கேள்வி: ஒரு காலத்தில் இணையத்தில் விற்பனைக்குத் தடையாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான் தம்பி. அன்று இணையத்தின் முதுகெலும்பாக இருந்த அமெரிக்காவின் என்எஸ்எஃப்நெட் வலையமைப்பு அரசுப் பணத்தில் ஓடியது. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் மட்டும் என்பது விதி. 1991-இல் தனியார் இணைய நிறுவனங்கள் சிஐஎக்ஸ் என்ற மையம் அமைத்து, அந்த வழியைத் தொடாமலே தரவைப் பரிமாறிக்கொண்டன. என்னைக் கேட்டால் திருப்பம் அங்கேதான். 1995 ஏப்ரலில் என்எஸ்எஃப்நெட் மூடப்பட்டது, அந்த விதியும் அதோடு போனது. ஜூலையில் அமேசான் கடை திறந்தது.

மற்றொருவர்: வழி திறந்தால் போதுமாங்க? கார்டு எண்ணை யார் நம்பித் தருவார்கள்? பில்லிங் மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதுதான் பெரிது. 1994 ஆகஸ்ட் 11-இல் நெட்மார்க்கெட் தளத்தில் 12.48 டாலருக்கு ஒரு இசை சிடி விற்றது. கார்டு எண் வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே போனது. எவ்வளவு பெரிய துணிச்சல்!

கேட்டவர்: நன்றிண்ணா. ஏலத் தளமான ஈபே எப்போது வந்தது?

பதில்: 1995 செப்டம்பர். முதலில் விற்றது உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலர்.