டம்மிய குடுக்குறா, வாத்த குடுக்க மாட்டேங்குறா
கனடால சஸ்கட்டூன் பக்கம் இருக்கோம், வேட்டைல சுட்ட வாத்த எடுத்துட்டு வரப் பழக்குற லேப்ரடார் நாய், பொண்ணு, 11 மாசம். கேன்வாஸ் டம்மிய (வாத்துக்குப் பதிலா பயிற்சிக்கு எறியுற துணி உருளை) தண்ணிக்குள்ள எறிஞ்சாலும் நேரா கைல கொண்டு வந்து குடுத்துடுவா, ஆனா நிஜ வாத்துன்னா பாதி வழியிலயே படுத்து முன்னங்காலால அமுக்கிக்கிட்டு நெஞ்சு இறகெல்லாம் பிச்சு எடுக்குறா, கிட்ட போனா வாய இன்னும் இறுக்கிக்கிறா. 3 வாரமா இப்படித்தான். 10 மீட்டர் கயிறு கட்டி இழுத்துப் பாத்தேன், டம்மில வாத்து இறக்கைய கட்டிப் பழக்கினேன், போன வேட்டை சீசன்ல ஃப்ரீசர்ல வெச்ச வாத்து உறைஞ்சு கெட்டியா இருக்குறவரைக்கும் ஒழுங்கா தூக்குறா, இளகிட்டா அவ்ளோதான். கறித்துண்டு காட்டுனா வாத்த அங்கயே போட்டுட்டு ஓடி வர்றா. பல்லு முளைச்சு முடிஞ்சாச்சு, ஈறும் நல்லாருக்கு. காதக் கிள்ளி, பொருள வாயில புடிச்சதும் விட்டுப் பழக்குற முறைக்கு எனக்கு மனசு வரல, ரொம்ப பாசமான புள்ள. செப்டம்பர் 1 சீசன் திறக்குது. நிஜ வாத்த மொத்தமா நிறுத்திட்டு வாயில அசையாம புடிக்கிற பயிற்சிய முதல்லேருந்து ஆரம்பிக்கணுமா, இல்ல உறைஞ்ச வாத்துலயே தொடரலாமா?