காயமுற்ற நுரையீரலில் எஃப்டிஜி ஏற்பு: எஸ்யூவி போதுமா, கேஐ கணக்கிட வேண்டுமா?

கேள்வி (மருத்துவ இயற்பியல் மாணவி)

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை ஆய்வேட்டுக்கான முன்வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெண்டிலேட்டரில் இருக்கும் ஏஆர்டிஎஸ் (கடும் சுவாசக் கோளாறு நோய்க்குறி) நோயாளிகளின் நுரையீரலில் அழற்சி எந்தெந்தப் பகுதியில், எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை எஃப்டிஜி (கதிரியக்கம் ஏற்றிய, குளுக்கோஸ் போன்ற பொருள்) செலுத்தி, பெட்-சிடி (கதிரியக்கத்தையும் திசு அடர்த்தியையும் சேர்த்துக் காட்டும் ஸ்கேன்) கொண்டு அளப்பதே பொருள். புற்றுநோயாளிகளுக்குச் செய்வதுபோல, ஊசி போட்டு 60 நிமிடங்கள் கழித்து ஒரே ஒரு படம் எடுத்து, அதிலிருந்து எஸ்யூவி (எஃப்டிஜி ஏற்பின் அளவு) மதிப்பைக் குறித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். "நீர் கோத்த நுரையீரலில் இந்த எண் எதைக் காட்டும்?" என்று ஓரத்தில் கேட்டு, வழிகாட்டி முன்வரைவைத் திருப்பித் தந்துவிட்டார். அழற்சி கூடினால் நியூட்ரோபில்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) குளுக்கோஸை அதிகம் இழுக்கும், அதனால் எஸ்யூவி கூடும் என்பது வரை எனக்குப் புரிகிறது. நீர்க்கோப்பு இடையில் எப்படிக் குழப்பம் விளைவிக்கிறது என்பதையும், அதற்கு என்ன திருத்தம் செய்ய வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவளாக இருப்பேன்.

பதில் 1 (பெட் படங்களைப் பகுப்பாய்வு செய்பவர்)

உங்கள் வழிகாட்டி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். எஸ்யூவி என்பது ஒரு மில்லிலிட்டர் கன அளவில் இருக்கும் கதிரியக்கத்தை, செலுத்திய அளவுக்கும் உடல் எடைக்கும் ஈடுசெய்து சொல்லும் எண். ஈரலிலோ தசையிலோ அந்த ஒரு மில்லிலிட்டர் முழுவதும் திசுதான். நுரையீரலில் அப்படி இல்லை. சிடி படத்தில் -700 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியின் அடர்த்தி அலகு; காற்று -1000, நீர் 0) காட்டும் பகுதியில் ஏறத்தாழ 70 விழுக்காடு காற்று. மீதமுள்ள 30 விழுக்காட்டில்தான் திசுவும் இரத்தமும் இருக்கின்றன. காயத்துக்குப் பிறகு அதே பகுதி -400 காட்டினால், காற்றல்லாத பங்கு 60 விழுக்காடு ஆகிவிடுகிறது. ஒரு கிராமுக்கான ஏற்பு அப்படியே இருந்தாலும்கூட எஸ்யூவி இரண்டு மடங்காகும். அழற்சி துளியும் கூடவில்லை. நுரையீரல் அடர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் சிடியிலிருந்து கிடைக்கும் அடர்த்தியால் வகுத்துவிட்டால் போதாதா என்று அடுத்துத் தோன்றும். வகுக்கத்தான் வேண்டும், ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. கூடிய அடர்த்தியில் பெரும்பகுதி, குளுக்கோஸை எரிக்காத வெறும் நீர். அந்த நீரையும் திசுக் கணக்கில் சேர்த்து வகுக்கும்போது, உண்மையிலேயே கொதித்துக்கொண்டிருக்கும் செல்களின் ஏற்பு நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். திருத்தாவிட்டால் மிகை, கண்மூடித் திருத்தினால் குறை. இரத்தம் வேறு இருக்கிறது: நுரையீரலில் இரத்தத்தின் பங்கு அதிகம் என்பதால், 60 நிமிடங்களிலும் நீங்கள் காணும் ஒளியில் ஒரு பகுதி, செல்லுக்குள் நுழையாமல் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் எஃப்டிஜியிலிருந்து வருகிறது.

ஆகவே ஒற்றைப் படத்தை விட்டுவிட்டு, ஊசி போடும் நொடியிலிருந்தே தொடர்படம் எடுங்கள். செல்லுக்குள் புகுந்த எஃப்டிஜியை ஹெக்சோகைனேஸ் என்னும் நொதி பாஸ்பேட் ஏற்றி அங்கேயே பிடித்துவைக்கிறது; இரத்தத்திலும் நீரிலும் இருப்பதோ வந்து போகிறது. பட்லாக் வரைபடம் என்னும் கணக்கீட்டு முறை இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகிறது. நுரையீரலின் கதிரியக்க அளவைப் பிளாஸ்மாவின் (இரத்தத்தின் நீர்ப்பகுதி) அளவால் வகுத்து ஓர் அச்சிலும், பிளாஸ்மா வளைவின் கீழுள்ள பரப்பை அதே பிளாஸ்மா அளவால் வகுத்து மற்றோர் அச்சிலும் இட்டால், சற்று நேரத்துக்குப் பின் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். அக்கோட்டின் சாய்வே கேஐ, அதாவது பிடிபடும் வேகம். அச்சை வெட்டும் இடத்தில் இரத்தமும், மீளக்கூடிய நிலையில் திசுவிலும் நீரிலும் தங்கியிருப்பதும் சேர்ந்து தெரியும். நீர்க்கோப்பு கூடினால் முதலில் உயர வேண்டியது வெட்டுப்புள்ளி, சாய்வு அல்ல. இருப்பினும் கேஐயும் ஒரு கன அளவுக்கான எண்ணே என்பதால், அடர்த்தித் திருத்தத்திலிருந்து அதற்கும் விலக்கு இல்லை.

பதில் 2 (தீவிர சிகிச்சை மருத்துவர்)

மேலே சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். எனினும் "நியூட்ரோபில்" என்று நீங்கள் உறுதியாக எழுதியிருப்பதைச் சற்றுத் தளர்த்துங்கள். லண்டன் ஹேமர்ஸ்மித்தில் ஜோன்ஸ் குழுவினர் 1990களில் முயல்களில் செய்த ஆய்வுகளும், செயின்ட் லூயிஸில் சென், ஷூஸ்டர் ஆகியோர் நாய்களில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வும் அந்தக் கருத்துக்கு வலுவான அடித்தளம் தருகின்றன. பின்னதில் எண்டோடாக்சின் (பாக்டீரிய நச்சு) கொடுத்த நாய்களில் கேஐ உயர்ந்தது. ஒலியிக் அமிலத்தால் மட்டும் நுரையீரலைக் காயப்படுத்தியபோது அவ்வாறு உயரவில்லை. காயமும் நீரும் மட்டும் சமிக்ஞையைத் தருவதில்லை, தூண்டப்பட்ட செல்கள் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு. ஆனால் மேக்ரோஃபேஜ்களும் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) குளுக்கோஸை எடுக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மற்றச் செல்களும் எடுக்கும். நோயாளிகளைப் பொறுத்தவரை "அழற்சிச் செல்களின் வளர்சிதைச் செயல்பாடு" என்று எழுதுவதே நேர்மையானது.

இத்தாலியின் மான்சாவில் பெல்லானி குழுவினர் 2009இல் வெளியிட்ட ஏஆர்டிஎஸ் ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். சிடியில் காற்றோட்டம் இயல்பாகத் தெரிந்த பகுதிகளிலேயே ஏற்பு கூடியிருந்தது. அப்பகுதிகளில் நீர் குறைவு என்பதால் அடர்த்தி பற்றிய ஆட்சேபமும் அங்கே வலுவிழக்கிறது. வெண்டிலேட்டரின் காற்றில் பெரும்பகுதியை அந்தச் சிறு பகுதிதான் தாங்குகிறது என்பதை நினைத்தால், எங்களைப் போன்றவர்களுக்கு இது வெறும் கல்விசார் செய்தி அல்ல.

நடைமுறையில் இரண்டைக் கவனியுங்கள். ஸ்கேனர் மேசையில் வெண்டிலேட்டர் குழாயை மாற்றும்போது இணைப்பைக் கழற்றினால் பீப் அழுத்தம் (மூச்சு வெளிவிட்ட பின்னும் நுரையீரலை விரித்துவைக்கும் அழுத்தம்) போய் நுரையீரல் சுருங்கிவிடும். குழாயைக் கிளாம்ப் போட்டுவிட்டே மாற்ற வேண்டும். அடுத்து, சிடி நொடிகளில் முடிகிறது, பெட் பல நிமிடங்கள் பல மூச்சுகளைச் சராசரியாக்குகிறது. மூச்சை உள்ளிழுத்து நிறுத்திய சிடியை வைத்து அடர்த்தியைத் திருத்தினால் உதரவிதானத்தை ஒட்டிய பகுதியின் எண்கள் எதற்கும் உதவா.

மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. தொடர்படமும் பட்லாக்கும் என்று முன்வரைவை மாற்றுகிறேன். இன்னும் ஓர் ஐயம்: நீருக்குள் எஃப்டிஜி மெதுவாகத்தான் கசிகிறது என்றால், அந்தக் கசிவே சாய்வாகத் தோன்றாதா? இவர்களில் பலருக்கு இன்சுலின் ஓடிக்கொண்டிருப்பதும் கணக்கைப் பாதிக்குமா?

பதில் 1 எழுதியவர்

தோன்றக்கூடும், அம்மா, அதனால்தான் தொடக்கப் புள்ளிகளை விட்டுவிட்டு, கோடு நேராகிய பின்னர் மட்டும் சாய்வை எடுக்கச் சொல்கிறோம். இதே சிக்கலுக்காக பாஸ்டனில் ஷ்ரோடர், வெனேகாஸ் முதலியோர் குளுக்கோஸ் ஏற்பைக் கணக்கிடும் வழக்கமான சொகோலோஃப் மாதிரியில், செல்லுக்கு வெளியே பாஸ்பேட் ஏறாமல் தேங்கும் எஃப்டிஜிக்கென ஓர் அறையை (கணக்கீட்டுப் பிரிவை) கூடுதலாகச் சேர்த்து 2008இல் வெளியிட்டார்கள். கேஐ மட்டும் போதுமென்றால் பட்லாக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். பாஸ்பேட் ஏறும் வேகத்தைத் தனியே பிரித்துச் சொல்ல விரும்பினால் அந்தக் கூடுதல் அறை இல்லாமல் முயல வேண்டாம்.

இன்சுலின் பாதிக்கும். அது எஃப்டிஜியைத் தசைக்குள் தள்ளுவதால் நுரையீரலுக்குக் கிடைப்பது குறைகிறது. எஸ்யூவி அப்படியே ஏமாறும், கேஐயோ உண்மையான பிளாஸ்மா வளைவைக் கொண்டு கணக்கிடப்படுவதால் அந்த அளவுக்கு ஏமாறாது. இரத்தச் சர்க்கரை எஃப்டிஜியோடு போட்டியிடுவது மட்டும் எஞ்சும் என்பதால், ஸ்கேன் ஓடும்போதே சர்க்கரை அளவைக் குறித்து வையுங்கள். பிளாஸ்மா வளைவை நுரையீரல் தமனியின் படத்திலிருந்து எடுக்கலாம். ஐசியூ நோயாளிக்குத் தமனிக் குழாய் ஏற்கெனவே இருக்கும் என்பதால், பிற்பகுதியில் சில மாதிரிகளை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து அதன் கதிரியக்கத்தை எண்ணி, அந்த வளைவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண்ணும் கருவியையும் ஸ்கேனரையும் ஒரே மாதிரியைக் கொண்டு ஒப்புநோக்காமல் தொடங்கிவிடாதீர்கள்.