சில்லியில் பீன்ஸ் போடலாமா, கூடாதா?

ஆஸ்டின் புதுவரவு:

நேற்று மதியம் 27 டிகிரி. மாலையில் வடக்கிலிருந்து காற்று கிளம்பியது, இரவு பத்து மணிக்கு 6 டிகிரி. இதை இங்கே 'நார்தர்' என்கிறார்கள். கனடா பக்கமிருந்து இறங்கும் குளிர்காற்றை மறிக்க வழியில் ஒரு மலையும் கிடையாது, அதனால் சில மணி நேரத்தில் பருவமே மாறிவிடுகிறது. இன்று காலை அலுவலகத்தில் எல்லோரும் பேசியது ஒரே விஷயம்தான்: யார் வீட்டில் எப்போது சில்லி.

நம் ஊர் சில்லி சிக்கன் இல்லை. மாட்டிறைச்சியைக் காய்ந்த மிளகாயோடு மணிக்கணக்கில் கொதிக்கவிடும் கெட்டிக் குழம்பு. நானும் வைத்துப் பார்த்தேன். கொத்துக்கறி ஒரு கிலோ, ராஜ்மா இரண்டு டின் (இங்கே இதையும் பீன்ஸ் என்றுதான் சொல்கிறார்கள்), தக்காளி ஒரு டின். கால் கப் சில்லி பவுடர் என்று செய்முறையில் இருந்தது. அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள் இருந்ததால் அதையே கால் கப் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு காரம்.

எங்கே தப்பு? அப்புறம், நான் ராஜ்மா போட்டதைக் கேட்டதும் பக்கத்து மேசைக்காரர் "அப்படியானால் அது சில்லியே இல்லை" என்றார். நிஜமாகவே அப்படியா? சனிக்கிழமை மறுபடி வைக்கலாம் என்றிருக்கிறேன்.

டாலஸ் வாசன்:

உங்கள் பக்கத்து மேசைக்காரர் சொன்னது சரி. பத்தொன்பது வருடமாக டெக்ஸஸில் இருக்கிறேன், எனக்கும் அதே கருத்துதான்.

முதலில் தூள். இந்தக் கடைகளில் 'சில்லி பவுடர்' என்று விற்பது வெறும் மிளகாய் இல்லை. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டு, ஆரிகானோ எல்லாம் கலந்த ஒரு பொடி. சாம்பார்ப் பொடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கால் கப் போடலாம். நம் மிளகாய்த்தூளில் இருப்பது மிளகாய் மட்டும்தான், காரமும் பல மடங்கு. இங்கே வரும் நம்மவர்களில் நிறையப் பேர் முதல் முறை இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்தப் பொடியும் வேண்டாம் என்பேன். மெக்சிகோ மளிகைக் கடைக்குப் போனால் காய்ந்த மிளகாய் மூட்டையாகக் கிடைக்கும். ஆஞ்சோ வாங்குங்கள், பொப்லானோ என்ற குடமிளகாய் போன்ற மிளகாயைக் காயவைத்தது. கறுப்பாக, உலர்திராட்சை வாசனையோடு இருக்கும், காரம் மிகக் குறைவு. கூட குவாஹியோ, அது நல்ல சிவப்பு, லேசான புளிப்பு. ஒன்றரைக் கிலோ கறிக்கு ஆஞ்சோ ஆறு, குவாஹியோ நாலு. காம்பையும் விதையையும் எடுத்துவிட்டு வெறும் வாணலியில் வாசனை வரும்வரை மட்டும் வாட்டுங்கள். கருகினால் பானை முழுக்கக் கசக்கும். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து விழுதாக அரைத்து வடிகட்டுங்கள். வறுத்தரைத்துக் குழம்பு வைக்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

கொத்துக்கறி வேண்டாம். மாட்டின் தோள்பட்டைப் பகுதியை 'சக்' என்று விற்பார்கள். அதை அரை அங்குலத் துண்டாக வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நன்றாகச் சிவக்க வறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டு வெந்துபோகும், சிவக்காது. பிறகு வெங்காயம், பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், மிளகாய் விழுது, தண்ணீர். மூடி வைத்துச் சின்னத் தீயில் மூன்று மணி நேரம். அந்தத் துண்டில் உள்ள சவ்வும் நாரும் மெதுவாகக் கரைந்துதான் குழம்பு தடிக்கிறது. போதவில்லை என்றால் கடைசியில் மாசா ஹரினா இரண்டு கரண்டி கரைத்து விடுங்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தின் மாவு அது, அதற்கென்று ஒரு வாசனை உண்டு.

பீன்ஸ் எங்கே வந்தது இதில்? எங்கேயும் இல்லை. 1977-இல் டெக்ஸஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவாக அறிவித்தது. டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் 1967-இலிருந்து சமையல் போட்டி நடக்கிறது. அங்கே பீன்ஸ், மக்ரோனி, சோறு எதுவும் பானைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி.

சின்சினாட்டி அக்கா:

வாசன், விதி எழுதியது போட்டி நடத்துகிறவர்கள். வீட்டில் சமைக்கிறவர்கள் இல்லை.

ஒஹாயோவில் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். 1922-இல் கிரேக்கத்தின் மாசிடோனியப் பகுதியிலிருந்து வந்த கிராஜீஃப் சகோதரர்கள் எம்ப்ரஸ் என்று ஒரு கடை வைத்தார்கள். அவர்கள் சில்லியில் பட்டை, கிராம்பு, ஆல்ஸ்பைஸ் எல்லாம் உண்டு. கறியை வறுக்கவே மாட்டோம். மிக நைசாக அரைத்த பச்சைக் கறியைத் தண்ணீரில் கரைத்து, அப்படியே கொதிக்க வைப்போம். பிறகு ஸ்பகெட்டி மேல் ஊற்றி, அது மறையும் அளவுக்கு செடார் சீஸ் துருவிப் போடுவோம். அது 'மூன்று வழி'. வெங்காயமோ பீன்ஸோ சேர்ந்தால் நாலு வழி, இரண்டும் சேர்ந்தால் ஐந்து வழி. நூறு வருடமாக ஒரு நகரமே இதைச் சாப்பிடுகிறது. இது சில்லி இல்லை என்று டாலஸிலிருந்து நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு இதில் ஒரு சொந்தப் பிடிப்பும் உண்டு. 2008-இல் முதல் குளிர்காலம். கைக்குழந்தையோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திறந்ததும் பட்டை கிராம்பு வாசனை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த முதல் வாசனை அதுதான்.

டாலஸ் வாசன்:

அக்கா, அந்தப் பாட்டியின் பாத்திரத்தை நான் குறை சொல்லவில்லை. நல்ல உணவுதான். ஆனால் அது கிரேக்க வழிக் கறிச் சாறு, சில்லி என்ற பெயரை இரவல் வாங்கியிருக்கிறது. பட்டையும் கிராம்பும் மேலே நின்றால் மிளகாய் பின்னால் போய்விடுகிறது. பீன்ஸும் அதையேதான் செய்யும். அதன் மாவு மிளகாயின் சுவையை உறிஞ்சிக்கொள்ளும். என் எதிர்ப்பு அவ்வளவுதான்.

சின்சினாட்டி அக்கா:

இரவல் என்று பார்த்தால் உங்கள் சில்லி மட்டும் யாருடையது? சான் அன்டோனியோவின் மிலிட்டரி பிளாசாவில் மெக்சிகோ வழிப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாயங்காலமானால் விறகடுப்பும் விளக்கும் வைத்து விற்றது அது. 'சில்லி குவீன்ஸ்' என்று ஊரெல்லாம் அவர்களைக் கொண்டாடியது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லிக் கடையும் இருந்தது. ஆனால் 1930களில் சுகாதார விதி என்று சொல்லி அதே நகரம் அந்தப் பெண்களைச் சதுக்கங்களிலிருந்து விரட்டியது. அவர்கள் கடையில் சில்லியோடு தமாலே, பீன்ஸ், டார்ட்டியா எல்லாமே விற்றார்கள். சில்லிப் பொடியை டப்பாவில் அடைத்து விற்றவர்களில் முக்கியமானவர் வில்லியம் கெப்ஹார்ட், நியூ பிரான்ஃபெல்ஸில் இருந்த ஜெர்மானியக் குடியேறி. மெக்சிகோக்காரர், ஜெர்மானியர், கிரேக்கர் என்று எல்லோரும் கை வைத்த பானையில் கடைசியாக வந்தவர்கள் பூட்டுப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டாலஸ் வாசன்:

அந்தப் பெண்களை விரட்டியது பெரிய அநியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே கவனியுங்கள், சில்லியோடு பீன்ஸ். பக்கத்தில், தனித் தட்டில். அதைத்தான் நானும் சொல்கிறேன். பின்ட்டோ பீன்ஸை வேறு சட்டியில் வேகவையுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

கெப்ஹார்ட் பற்றி ஒன்று. 1890களில் அவர் பொடி வரும்வரை அங்கே சில்லி பருவ உணவு. வீட்டில் விளைந்த மிளகாய் கோடை அறுவடை முடிந்த பிறகுதான் கிடைக்கும். குளிரும் சில்லியும் சேர்ந்தே நினைவுக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மினியாபோலிஸ் மீரா:

நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. இங்கே ஜனவரியில் மைனஸ் 20 சாதாரணம். பீன்ஸ் இல்லாத சில்லி என்றால் எனக்குப் பானையில் என்ன மிஞ்சும்? சர்ச் விருந்து, பள்ளி விருந்து எங்கே போனாலும் இரண்டு பானை இருக்கும், ஒன்று கறி, ஒன்று பீன்ஸ். அந்த இரண்டாவது பானையை வைத்துத்தான் நான் இந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடவே பழகினேன். அது சில்லி இல்லை என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வாசன் அண்ணா சொன்ன அதே ஆஞ்சோ விழுதைத்தான் நானும் அரைக்கிறேன். கறுப்பு பீன்ஸ், காளானைப் பொடியாக நறுக்கி நீர் வற்ற வறுத்தது, புகை வாசனைக்குப் புகையில் காயவைத்த சிபோட்லே மிளகாய் ஒன்று. சில்லி என்ற சொல்லே மிளகாய்தானே? கறி மேல் வந்த சொல் இல்லையே.

டாலஸ் வாசன்:

மீரா, இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. 'சில்லி கான் கார்னே' என்ற முழுப் பெயரில் கார்னே என்றால் இறைச்சி, அதனால் அந்தப் பெயரை விட்டுத்தர மாட்டேன். ஆனால் மிளகாயை வாட்டி அரைத்து வைக்கிறீர்கள். டப்பா தூளும் கெட்சப்பும் போட்டுக் கொத்துக்கறி வேகவைக்கிறவரைவிட நீங்கள்தான் கிட்டே இருக்கிறீர்கள். அதை மனதாரச் சொல்கிறேன்.

ஹூஸ்டன் குமார்:

இவ்வளவு பேச்சு எதற்கு? ஸ்லோ குக்கரில் ராஜ்மா, கறி, தக்காளி எல்லாவற்றையும் காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். சாயங்காலம் சில்லி ரெடி. காய்ந்த ராஜ்மாவை ஊறவைக்கக்கூட வேண்டாம்.

உணவுப் பாதுகாப்பு சுதா:

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நான் இந்தத் துறையில் வேலை பார்க்கிறேன், அதனால்தான் குறுக்கிடுகிறேன்.

பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமஅக்ளூட்டினின் என்ற நச்சு இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து மணிகளே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் கடுமையான வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில் அது அழியாது. 80 டிகிரி வரை மட்டும் சூடான பீன்ஸ் பச்சை பீன்ஸைவிட அதிக நச்சாகக்கூட இருக்கலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் என்கிறது. நம் வீட்டு பிரஷர் குக்கரில் ஊறிய ராஜ்மாவை மசிய வேகவைத்தால் கவலை இல்லை. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது.

இன்னொன்று, தக்காளியின் புளிப்பில் பீன்ஸ் மெத்தென்று வேகாது, தோல் விறைத்தே இருக்கும். பீன்ஸ் முழுக்க வெந்த பிறகு தக்காளியைச் சேருங்கள். மிச்சத்தை ஆறட்டும் என்று பெரிய பானையோடு இரவு முழுக்க அடுப்பில் வைக்காதீர்கள். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும்.

ஹூஸ்டன் குமார்:

தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இத்தனை நாள் டின் ராஜ்மாதான் போட்டிருக்கிறேன், காய்ந்ததும் அப்படித்தான் என்று நினைத்தேன். நல்லவேளை சொன்னீர்கள்.

ஆனால் தக்காளியை விட முடியாது. வாசன் சார் செய்முறையில் தக்காளியே இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் டெக்ஸஸ்காரர்தானே? அவர் வீட்டு 'பெடர்னாலஸ் ரிவர்' சில்லி செய்முறையைக் கேட்டு நிறையக் கடிதம் வந்ததால் அட்டையில் அச்சடித்தே அனுப்பினார்கள். அதில் தக்காளி இருக்கிறது.

டாலஸ் வாசன்:

இருக்கிறது. பீன்ஸ் இல்லை, அதையும் பாருங்கள். தக்காளி கொஞ்சம் போட்டால் சண்டைக்கு வர மாட்டேன். மிளகாயின் சிவப்பா தக்காளியின் சிவப்பா என்று தெரியாத அளவுக்குப் போட்டால்தான் வருத்தம்.

லிங்கன் நெப்ராஸ்கா:

எங்கள் பக்கம் பள்ளி உணவிலேயே சில்லியோடு சினமன் ரோல் தருவார்கள். என் மகள் அதை முக்கிச் சாப்பிடுவாள். பீன்ஸ் போட்ட, காரம் குறைந்த சில்லிக்குத்தான் அந்த இனிப்பு சேரும், வாசன் வைப்பதற்குச் சேருமா தெரியாது. ஒரு முறை முயன்று பாருங்கள்.

ஆஸ்டின் புதுவரவு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சனிக்கிழமை வைத்தேன்.

ஆஞ்சோ ஆறு, குவாஹியோ நாலு. முதல் ஆஞ்சோ கருகியது, தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை வாட்டினேன். கறி வறுக்க மட்டும் நாற்பது நிமிடம் ஆனது, நாலு தடவையாகப் பிரித்துப் போட்டேன். தக்காளி ஒன்றே ஒன்று. இரண்டு மணி நேரம் வரை தண்ணீராகத்தான் இருந்தது, கெட்டுப்போயிற்று என்றே நினைத்தேன். கடைசி அரை மணியில் தடித்து, மேலே சிவப்பாக எண்ணெய் மிதந்தது. காரம் நாக்கில் அடிக்கவில்லை, தொண்டைக்குப் பக்கத்தில் மெதுவாக ஏறுகிறது. மிளகாய்க்கு இப்படி ஒரு சுவை உண்டு என்று எனக்கு இதுவரை தெரியாது.

பின்ட்டோ பீன்ஸைக் குக்கரில் தனியாக வேகவைத்தேன். இரவு பீன்ஸ் இல்லாமல் சாப்பிட்டேன். இன்று மதியம் மிச்சத்தில் பீன்ஸ் கலந்தேன். நேற்று வைத்த மீன்குழம்பு மாதிரி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. வாசன் அண்ணா கோபிக்க வேண்டாம், எனக்கு இன்று சாப்பிட்டதுதான் கூடுதலாகப் பிடித்தது.

டாலஸ் வாசன்:

கோபம் இல்லை. ஆனால் சோதனை சரியில்லை தம்பி. இன்று நன்றாக இருந்தது பீன்ஸாலா, ஒரு ராத்திரி ஊறியதாலா? அடுத்த நார்தர் வரும்போது மறுநாள் வரை பீன்ஸ் கலக்காமல் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

சின்சினாட்டி அக்கா:

அதில் பாதியைக் கொஞ்சம் ஸ்பகெட்டி மேலேயும் ஊற்றிப் பாருங்கள்.